கவுன்சிலரம்மா வாங்கிய ரோஜா மாலை

மாமியாரைப் பிடிக்காத மாப்பிள்ளைகள் நாட்டில் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் மாமியார் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போதே மைக்செட் வைத்து, தெருத் தெருவாகப் போய் அவரைச் சாகடித்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இத்தனைக்கும் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

என் மாமியார் எல்லம்மாள், சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். ஒன்றியக் கவுன்சிலர். மாதத்துக்கு ஒரு முறை ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். அரசாங்கத்தில் என்ன புதிதாக வந்திருக்கிறது, ஒன்றியக் கூட்டத்தில் என்ன முடிவானது, யாருக்கு எதில் என்ன கிடைக்கும் என்று தன் பகுதி முழுக்கச் சொல்லிக்கொண்டே போவார். சொல்லுவார் என்றால் மேடைப் பேச்சு இல்லை. "ஏய் கோமளா! உன் மாமியாக்காரிக்கு பென்ஷன் வந்துட்ச்சி, கெளவிய பேங்குக்கு இட்டுகினு போ!" என்பார். "மகளிர் தொகை வராதவங்க வியாழக்கெழம என் வூட்டாண்ட வாங்க. ஆதார் எடுத்துகினு வாங்க. புருசன இட்டுகினு வராதீங்க, அது பேஜாரு!" என்பார். பின்னணியில் ஒரு குத்துப்பாட்டு அலறிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஏனென்றால் நான் ரசனை உள்ளவன். (அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். கையை ஓங்காமல் மேலே படியுங்கள்.) சிறுசேரியில் ஒரு கம்பெனியில் எனக்கு டிசைன் வேலை. செல்போனில் ஒரு பட்டன் நீலமாக இருக்க வேண்டுமா பச்சையாக இருக்க வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்துச் சம்பளம் வாங்குகிறவன். சேலத்துக்காரன். கடலையே காலேஜ் டூரில்தான் முதன்முதலில் பார்த்தேன். அதே ஆபீஸில் வேலை பார்த்த ரேவதியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதில் கடலோரத்தில் ஒரு மாமியார் வீடு அமைந்தது.

அந்த வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைவே இல்லை. போனால் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி, தட்டில் பெரிய துண்டு வஞ்சிரம். ஆனால் ஒரு வேலை சொல்ல மாட்டார்கள். படகைத் தள்ளப் போனால், "மாப்ள, நீங்க ஒக்காருங்க" என்பார்கள். வலையைத் தொட்டால், "கை வலிக்கும் மாப்ள." கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் நான் அந்த வீட்டில் ஒரு விருந்தாளிதான். ஒரு வேலை, ஒரே ஒரு உருப்படியான வேலை செய்து இவர்களில் ஒருவன் ஆகிவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு வெறி இருந்தது.

அந்த மழைக்காலத்தில் வாய்ப்பு வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கடல் சீற்றம், யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை. நடுவில் இரண்டு படகுகள் பேச்சைக் கேட்காமல் இறங்கி, ஆட்கள் உயிர் பிழைத்து வந்ததே பெரும்பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டார்கள்: கவுன்சிலரம்மா வந்து மைக்கில் சொல்லாமல் ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அத்தையும் கரை நெடுகக் கத்திக் கத்திப் படகுகளை மேலே ஏற்ற வைத்தார். கடைசியில் கடல் அடங்கியது. கூடவே அத்தையின் தொண்டையும் அடங்கிவிட்டது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்ட நானும் ரேவதியும் காரில் கூட்டிப் போனோம். கழுத்தைச் சுற்றித் துண்டு, ரேவதியின் தோளில் சாய்ந்தபடி அத்தை காரில் ஏறியதை மொத்தக் குப்பமும் வாசலில் நின்று பார்த்தது. (இந்தக் காட்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு எதிரான சாட்சியே இதுதான்.) டாக்டர், "நாலைந்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாது" என்றார். ராத்திரி எங்கள் நாவலூர் ஃப்ளாட்டிலேயே தங்கட்டும் என்று முடிவு செய்தோம்.

கிளினிக்கை விட்டு வெளியே வரும்போதே மீன்வளத் துறையிலிருந்து அத்தைக்குத் தகவல் வந்தது. விடிந்தால் கடலுக்குப் போகலாம். சீற்றத்துக்குப் பிறகு முதல் நாள் இறால் அள்ளும் என்று குப்பமே அந்தக் காலைக்காகத்தான் காத்திருந்தது. அதுவரை வீடுகளில் ரேஷன் அரிசிக் கஞ்சிதான். ஆனால் மைக்கில் சொல்ல அத்தைக்குக் குரல் இல்லை. மாதாந்திரத் தகவலும் பாக்கி.

"நான் பார்த்துக்கறேன் அத்தை" என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் காதைக் கிட்டே இழுத்து, காற்றிலேயே சொன்னார். "கடலு தொறந்துட்ச்சி. மொதல்ல அதச் சொல்லுங்க மாப்ள. மத்ததெல்லாம் அப்பால."

இவ்வளவுதான் உத்தரவு. ஒரு குழந்தைகூடச் சரியாகச் செய்திருக்கும். எனக்கு ஏனோ, 'உங்கள் திறமை முழுவதையும் கொட்டுங்கள் மாப்பிள்ளை' என்று கேட்டது.

முதலில் பேனர். நாற்பது தலைகளும் ஐம்பது கலர்களும் உள்ள பேனர்கள்தான் இந்த நாட்டின் சாபக்கேடு என்று ஆபீஸ் கேண்டீனில் முழங்குகிறவன் நான். அதனால் அத்தை கடலைப் பார்த்தபடி லேசாகச் சிரிக்கிற ஒரு படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். சுற்றிலும் வெறும் வெள்ளை. கீழே பெயர் மட்டும். இது எந்த மாதத்து அறிக்கை என்று தெரிய வேண்டாமா? படத்துக்குக் கீழே இடது பக்கம் மாதத்தின் முதல் தேதி, வலது பக்கம் கடைசித் தேதி. என்ன ஒரு அடக்கம், என்ன ஒரு கண்ணியம் என்று நானே சொக்கிப் போனேன்.

அடுத்து குரல். என் குரலையே பதிவு செய்தேன். குத்துப்பாட்டு வேண்டாம், மனதுக்கு இதமாக ஏதாவது கொடு என்று என் டீமில் இருந்த லக்னோ பையனிடம் கேட்டேன். அவன் அக்கா கல்யாணத்தில் வாசித்ததாம், நல்ல ஷெனாய் ஒன்றை அனுப்பினான். நம் ஊரில் ஷெனாயை எப்போது போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் குளிர்சாதன அறையில், விலை உயர்ந்த ஹெட்போனில், கண்ணை மூடிக் கேட்கும்போது மனுஷனுக்கு ஊர், பேர் எல்லாம் மறந்துவிடுகிறது. அமர்க்களம் என்று சேர்த்துவிட்டேன்.

ஷெனாய் அழுது முடித்ததும் என் குரல் ஆரம்பிக்கும். "அன்பார்ந்த பொதுமக்களே! நம் அனைவரின் நெஞ்சிலும் நிறைந்திருக்கும் ஒன்றியக் கவுன்சிலர் திருமதி எல்லம்மாள் அவர்கள்..." இங்கே ஒரு நீண்ட இடைவெளி. அதில் ஷெனாய் இன்னொரு தரம் அழும். "குடிநீர்க் குழாய்க்காகப் போராடினார். கடல் ஊருக்குள் வராமல் இருக்கத் தூண்டில் வளைவு கேட்டு மனு மேல் மனு கொடுத்தார். முதியோரின் ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்..." இப்படியே புதிய திட்டங்கள், விண்ணப்பிக்கும் முறை, தேவைப்படும் சான்றிதழ்கள் எல்லாம் வந்து, கடைசியில் முத்தாய்ப்பாக, கடல் திறந்துவிட்டது என்ற நல்ல செய்தி. எடுத்ததும் போட்டு உடைத்தால் சுவாரசியம் போய்விடுமே என்று அதைக் கடைசிக்குத் தள்ளியவன் நான்தான். வேறு யாரும் இல்லை.

அத்தை மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டார், ரேவதியும் அவர் பக்கத்திலேயே படுத்துவிட்டாள். அதனால் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. கேளம்பாக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து, மைக்செட் டில்லிபாபுவை அங்கேயே வரச் சொன்னேன். மாமல்லபுரத்துக்காரர். அந்தக் கரையில் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் ஆட்டோதான். பேனரை விரித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது.

"எங்க அம்மா பென்ஷனுக்கு இவங்கதான் சார் அலைஞ்சாங்க" என்றார். "நல்ல மனுசி."

'ஒரு நல்ல டிசைன் சாதாரண மக்களை எப்படித் தொடுகிறது பார்' என்று நான் புல்லரித்துப் போனேன்.

"எப்படி சார் போவணும்?"

"மெதுவா, மரியாதையா போங்க. ஒவ்வொரு முனையிலும் நிறுத்துங்க. விடியறதுக்கு முன்னாடி கரைக்குப் போயிடணும்."

"சரி சார். மாலை நான் போட்டுக்கறேன். அதுக்கு டப்பு கொடுக்காதீங்க." பென் டிரைவைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். பேனருக்கு மாலை எதற்கு என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. பாசக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். மடையன் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

காலையில் நாங்கள் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். திருவிடந்தையைத் தாண்டும்போது ரேவதியின் போனில் வரிசையாகத் தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டால் அவள் சித்தி எடுத்து ஓவென்று அழுதாள்.

"எப்படிடி ஆச்சு?"

"தொண்டைதான் சித்தி. டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டாரு."

"இனிமே எங்கடி பேசப் போறா!" என்று அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம். சித்திக்கு எப்போதுமே கொஞ்சம் நாடகம் அதிகம் என்றாள் ரேவதி.

புதுப்பட்டினம் தாண்டியதும் சாலையோரமாக ஜனங்கள் மாலையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாம் குப்பத்துப் பக்கம். "யாரோ போயிட்டாங்க போலிருக்கே" என்றேன். பின்சீட்டில் இருந்த அத்தை படபடவென்று என் தோளைத் தட்டினார். நிறுத்து என்று சைகை. தன் பகுதியில் ஒரு சாவைத் தவறவிட்ட கவுன்சிலர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்பது அவர் கொள்கை. இறங்கிப் போய்ப் பூக்கடையில், இருப்பதிலேயே பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கினார். கடைக்காரப் பையன் அவர் முகத்தைப் பார்த்து வாய் பிளந்தான். மாலையைக் கொடுத்தவன் காசு வாங்காமலேயே கடைக்குள் ஓடிவிட்டான்.

அத்தை வீட்டுத் தெருவில் திரும்பினேன். வீட்டு வாசலில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். பறை காய்ச்ச நெருப்பு. செங்கல்பட்டிலிருந்து உடல் வருகிற வண்டி என்று நினைத்து எங்கள் காருக்கு ஊரே இரு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. நடுவில் டில்லிபாபுவின் ஆட்டோ. அதில் மாலை போட்ட என் கறுப்பு வெள்ளைக் கலைப்படைப்பு. ஷெனாய் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

கார்க் கதவைத் திறந்துகொண்டு, கையில் ரோஜா மாலையோடு, யார் செத்தது என்று கேட்கிற முகத்தோடு என் மாமியார் இறங்கினார்.

மாரில் அடித்துக்கொண்டிருந்த பெண்களின் கை அப்படியே நின்றது. பந்தக்கால் பிடித்திருந்தவர் காலை விட்டுவிட்டு ஓடியதில் ஷாமியானா ஒரு பக்கம் சரிந்தது. அத்தை பேனரைப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்தார். கீழே இருந்த இரண்டு தேதிகளைப் பார்த்தார். வாயைத் திறந்து என்னவோ கத்தினார். வெறும் காற்றுதான் வந்தது. அதைப் பார்த்து இரண்டு கிழவிகள், "ஐயோ, ஆவி!" என்று மயங்கி விழுந்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமா வந்தார். என் மாமனார் கன்னியப்பன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். படகைத் தண்ணீரில் தள்ளுவதற்காகக் கரையில் நின்றவர் காதில் ஷெனாய் விழுந்திருக்கிறது. தண்ணீர் சொட்டுகிற லுங்கியோடு அங்கேயே மணலில் உட்கார்ந்தவரை ஆள் பிடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தையைப் பார்த்ததும், "எல்லுக்குட்டீ!" என்று ஒரு கூப்பாடு போட்டார் பாருங்கள். ஓடிப் போய், ஊர் முன்னால், அத்தையைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அத்தையோ ஒரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, மறு கையில் மாலையோடு, கண்ணால் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் டிக்கியைத் திறந்து, அதில் ஏதோ முக்கியமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். இதற்கு மேல்தான் எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை.

கரையைப் பார்த்தேன். ஒரு படகுகூட இறங்கவில்லை. எல்லாம் மணலில் வரிசையாக நின்றன. ஊரில் சாவு விழுந்தால் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஷெனாய் கேட்டதுமே ஏற்றிய ஐஸைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் ஓரம்வரை தள்ளி வைத்த படகுகளைத் திரும்ப மேலே இழுத்திருக்கிறார்கள். 'கடல் திறந்துவிட்டது' என்ற என் முத்தாய்ப்பைக் கேட்க ஒருவர்கூட நிற்கவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் அத்தனை பேரும் இருட்டில் காத்திருந்தார்கள்.

"இப்பதான் உயிரோட வந்துட்டாங்களே, இப்பப் போலாமே?" என்று நாட்டாரிடம் கெஞ்சினேன். அந்தப் பெரியவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "தொழில நிறுத்தியாச்சி தம்பி. நிறுத்துனா நிறுத்துனதுதான். இன்னிக்கு எறங்க முடியாது" என்றார்.

அத்தை என் பக்கத்தில் வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கழுத்தில் ஈரமாக ஏதோ விழுந்தது. ரோஜா மாலை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் டில்லிபாபுவின் ஆட்டோவில் ஏற்றினார். தானும் ஏறினார். ஷெனாய் பென் டிரைவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மைக்கை என் கையில் திணித்தார். என் காதில் காற்றாகச் சொன்னார்: "இப்பவாச்சும் மொதல்ல கடலைச் சொல்லு."

அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குக் கடலுக்குப் போலாம்..." என்று ஆரம்பித்தேன். ஹெட்போனில் கேட்ட அந்தக் கம்பீரக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. "அத்தை சாகல. நல்லா இருக்காங்க. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க." ஒவ்வொரு முனையிலும் ஆட்டோ நிற்கும். அத்தை எழுந்து நின்று, கை கூப்பி, தான் உயிரோடு இருப்பதை நிரூபிப்பார். பிறகு என் பிடரியில் கை வைத்து அழுத்துவார். நான் மாலையோடு குனிவேன். டில்லிபாபு முன்னால் உட்கார்ந்து, "இன்னா சார் நீங்க, மெதுவா மரியாதையா போவச் சொன்னீங்களே சார்" என்று தெரு முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். அவருக்கும் ஊரில் பெயர் கெட்டது என்னால்தான்.

மத்தியானம் பக்கத்துக் குப்பத்துப் படகுகள் கரை ஏறின. இறால், கூடை கூடையாக. வியாபாரி வண்டிகள் எங்கள் குப்பத்தில் நிற்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டே அங்கே போயின. நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. மீன் விற்கிற கோமளா காலிக் கூடையோடு அந்த வழியாகப் போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாத்துக்கு தம்பி மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? அம்மா உயிரோட கீறாங்களே, அது போதும். இறா நாளைக்கி வரும்."

அவள் வீட்டில் அன்றைக்கும் ரேஷன் கஞ்சிதான் என்று எனக்குத் தெரியும். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் மாமா கையில் டவலோடு நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கி நாலு மணிக்கி படகு தள்ள ஆளு வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போய்த் தள்ளினேன். "ஒக்காருங்க மாப்ள" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. மீன் கிடைத்தது, ஆனால் முதல் நாள் பக்கத்துக் குப்பத்துக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. அதை யாரும் என் காது படப் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, எனக்குக் கண் இருக்கிறதே.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் கரையில் என் பெயர் இன்றைக்கும் 'ஷெனாய் மாப்ள'தான். ரேஷன் கடையில்கூட அப்படிச் சொன்னால்தான் அடையாளம் தெரியும். வீட்டில் நான் எதையாவது கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தால், "யாரு செத்தாங்க, அத மொதல்ல சொல்லு" என்பாள் ரேவதி. மாமா மறுபடியும் ஊமையாகிவிட்டார். ஆனால் அத்தைக்குக் கோபம் வந்தால், "எல்லுக்குட்டின்னு கூப்டு, சோறு போடறேன்" என்று மிரட்டுகிறார். அந்த பேனரை நான் கிழித்துப் போடப் போனேன். அத்தை விடவில்லை. சுருட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறார். "படம் நல்லாத்தான் கீது. நெசமாவே போறப்ப ஆவும்" என்கிறார்.

மாதத் தகவலும் நிற்கவில்லை. போன வாரம்கூட நான் மாமாவோடு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்தது. குத்துப்பாட்டு, அதற்கு மேல் அத்தையின் குரல். "ஊரே, கேளு! நாளைக்கி கடலுக்கு போலாம்! புது ரேஷன் கார்டு வந்துட்ச்சி, வந்து வாங்கிக்கினு போங்க!" கடைசியில் ஆட்டோ எனக்கு நேர் எதிரே வந்து நின்றது. அத்தை மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு மாதமும் சொல்வதைச் சொன்னார்.

"அப்பால இன்னொண்ணு. நான் உயிரோடதான் கீறேன். நம்பலைன்னா எங்க மாப்ளைய கேளுங்க!"

நான் தலையைக் குனிந்துகொண்டு வலையைப் பிரித்தேன். கரையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துத் திரும்பி, ஒரே குரலில் கேட்டார்கள்: "கீறாங்களா மாப்ள?"

"கீறாங்க" என்றேன்.